உகப்பாக்கக் கணிதம்: அட்டவணை போடுவதற்கு அப்பால் எதைப் படிப்பது?

தங்கச்சிமடம் மாணவி:
இளங்கலைக் கணிதம் இறுதியாண்டு படிக்கிறேன். உகப்பாக்கத்தில், அதாவது இருக்கும் வரம்புகளுக்குள் மிகச் சிறந்த விடையைக் காணும் கணிதத்தில், சிம்ப்ளெக்ஸ் என்ற படிப்படியான முறையின் அட்டவணையைக் கையால் போட்டுச் சரியான விடையைக் கொண்டுவந்துவிடுகிறேன். ஆனால் அந்த விடைக்கு என்ன பொருள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. என் அப்பா மண்டபத்திலிருந்து இறாலும் கணவாயும் ஏற்றி அனுப்பும் சிறு வியாபாரி. எதை எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு ஐஸ் போடுவது என்று அன்றாடம் அவர் மனத்தில் போடும் கணக்குக்கு இந்தப் படிப்பு உதவுமா? முதுகலையில் இதையே எடுக்கலாமா?

தொண்டி ஆசிரியர்:
உதவும், அம்மா. இந்தத் துறை பிறந்ததே அத்தகைய கேள்வியில்தான்: 1939இல் சோவியத் கணிதவியலாளர் காந்தரோவிச் லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தொழிலின் இயந்திரப் பங்கீட்டை ஆராய்ந்தார்; 1947இல் அமெரிக்கக் கணிதவியலாளர் டான்ட்சிக் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டார்.

உங்கள் அப்பாவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். மீனும் ஐஸும் சேர்த்து வண்டி 700 கிலோ கொள்ளும், கையிலுள்ள ஐஸ் 300 கிலோ. ஒரு கிலோ இறாலுக்கு ஒரு கிலோ ஐஸும், கணவாய்க்கு அரை கிலோவும் வேண்டும். லாபம் கிலோவுக்கு முறையே 60, 40 ரூபாய். இறாலை மட்டும் ஏற்றினால் 18,000 ரூபாய்தான். இரண்டிலும் 200 கிலோ ஏற்றினால் 20,000 ரூபாய் கிடைக்கும், அதுவே உச்சம். இனி ஐஸை 310 கிலோவாக்கிப் பாருங்கள்: இறால் 230, கணவாய் 160, லாபம் 20,200. கூடுதல் ஐஸின் ஒவ்வொரு கிலோவும் 20 ரூபாய் பெறுகிறது. இதுதான் நிழல் விலை. நீங்கள் தேடும் பொருள், அட்டவணையின் கடைசி வரிசையில் இத்தனை நாளும் உங்கள் கண்முன்னேதான் இருந்திருக்கிறது.

முதுகலைக்கு முன் நேரியல் இயற்கணிதத்தையும் குவிவுச் சார்புகளையும் (கிண்ணம்போல் வளையும் சார்புகள்) ஊன்றிப் படியுங்கள். மற்றவை தாமாகப் பிடிபடும்.

கீழக்கரை வாசகர்:
வாகனங்களுக்குப் பாதை வகுக்கும் பணியில் இருக்கிறேன். கல்லூரியில் எனக்கு யாரும் அழுத்திச் சொல்லாதது ஒன்று: இரண்டரை வண்டி என்று விடை வந்தால் அதை மூன்றாகவோ இரண்டாகவோ மாற்றிக்கொள்வது பல நேரம் தவறான முடிவைத் தரும். விடை முழு எண்ணாகவே வர வேண்டிய கணக்குகளுக்கான முழுவெண் நிரலாக்கத்தைத் தனியே கற்க வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழியையும் இப்போதே தொடங்குங்கள். அதன் கணித நூலகமான சைப்பையில் இத்தகைய கணக்கைப் போடும் லின்ப்ராக் என்ற கட்டளை சிறுமத்தை (மிகக் குறைந்த மதிப்பை) மட்டுமே தேடும், ஆகவே லாபத்தைக் கழித்தல் குறியோடு கொடுக்க வேண்டும்.

தங்கச்சிமடம் மாணவி:
இருவருக்கும் நன்றி. அப்பாவிடம் காட்டினேன், "இறால் 150 கிலோதான் வந்தால்?" என்று உடனே கேட்டார். அதையும் ஒரு கட்டுப்பாடாகச் சேர்த்துப் போட்டேன். கணவாய் ஏறத்தாழ 267 கிலோ ஆகிறது, 17 கிலோ ஐஸ் மிஞ்சுகிறது, ஐஸின் நிழல் விலை சுழியமாகிவிட்டது. அப்படிப்பட்ட நாளில் கூடுதல் ஐஸ் வாங்குவதில்லை என்று அப்பா சொன்னார்.