தக்காளி அழுகலுக்கு எப்சம் உப்பு போடலாமா?

மாடித்தோட்டம், சூரமங்கலம்:
தக்காளிக் காய்களின் அடிப்பக்கம் கறுத்து அழுகுகிறது. செடிக் கடையில் எப்சம் உப்பு பாக்கெட்டை நீட்டுகிறார்கள். ரோஜாவுக்கும் அதுதான், மிளகாய்க்கும் அதுதான்! தொட்டியில் இருப்பது சேலம் சுண்ணாம்புக் கரட்டுப் பக்கத்து மண். போடலாமா?

ஏற்காடு அடிவாரம்:
வேண்டாம் அக்கா. காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால் வரும் அழுகல் இது. எப்சம் உப்பு மெக்னீசியம் சல்பேட். அதில் கால்சியமே கிடையாது. உங்களுடையதோ, பெயரில் சுண்ணாம்பு இருந்தாலும், மெக்னீசியத் தாதுவான மேக்னசைட் வெட்டியெடுக்கும் இடத்து மண், மெக்னீசியத்துக்கா பஞ்சம்? இன்னும் கொட்டினால் கால்சியத்தோடு போட்டி போட்டு அதை வேரில் ஏறவிடாது.

கடைக்காரர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. அடி இலைகளில் நரம்பு பச்சையாக நின்று, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியக் குறையாக இருக்கலாம். அதற்கு இந்த உப்பு உதவும். சர்வரோக நிவாரணி என்று விற்பதுதான் எரிச்சல்.

எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளமாக்கினால், மண்ணில் கால்சியம் இருந்தும் காய்க்குப் போகாது. மண்மேல் காய்ந்த இலை, வைக்கோல் பரப்பி மூடாக்கு போட்டு ஈரத்தை ஒரே சீராக வையுங்கள்.

அம்மாப்பேட்டை:
முட்டை ஓடு?

ஏற்காடு அடிவாரம்:
கார மண்ணில் லேசில் கரையாது. இந்தக் காய்ப்புக்கு உதவாது.

மாடித்தோட்டம், சூரமங்கலம்:
வார இறுதியில் ஊருக்குப் போனால் தண்ணீர் ஊற்ற ஆளில்லை, அதுதான் போல. சரி, பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் வாங்குவார்களா?