ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து சிவிதவெக்கியா கப்பல் துறைமுகத்துக்குத் தனியாக, குறைந்த செலவில் செல்வது எப்படி?

கேள்வி: தனிவழி

அனைவருக்கும் வணக்கம். மத்தியதரைக் கடலில் செல்லும் சொகுசுக் கப்பல் ஒன்றில் எனக்கு மட்டும் இடம் பதிவு செய்திருக்கிறேன். கப்பல் நிறுவனத்தின் தாள்களில் புறப்படும் இடம் ‘ரோம்’ என்று இருக்கிறது. ஆனால் கப்பல் உண்மையில் நிற்பது நகரத்துக்கு வடமேற்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவிதவெக்கியாவில் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். தனியார் கார் நிறுவனங்கள் ஒருவர் ஏறினாலும் நால்வர் ஏறினாலும் வண்டிக்கு ஒரே தொகையைத்தான் கேட்கின்றன. பங்கிட்டுக்கொள்ள எனக்குத் துணை இல்லை.

என் விமானம் ரோமின் ஃபியுமிச்சினோ விமான நிலையத்தில் காலை எட்டு மணிக்கு இறங்குகிறது. கப்பல் அன்று மாலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறது. ஒரு பெரிய பெட்டியும் ஒரு கைப்பையும் இருக்கும். எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. ரயிலில் செல்வது நடைமுறைக்கு ஏற்றதா, எங்கே மாற வேண்டும், தனியாகச் செல்பவர் எவற்றில் கவனமாக இருக்க வேண்டும் என்பவற்றை, அந்த வழியில் சென்றவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: இருப்புப்பாதை

ரயில்தான் சரியான வழி, அம்மா. மொழி தெரியாதது இதற்குத் தடையே இல்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ரோமின் மைய நிலையமான டெர்மினிக்கு நீங்கள் செல்லவே வேண்டாம். விமான நிலையத்தில் எங்கு திரும்பினாலும் லியோனார்டோ எக்ஸ்பிரஸ் என்னும் விரைவு ரயிலின் விளம்பரம் கண்ணில் படும் என்பதால் பலரும் அதில் ஏறிவிடுகிறார்கள். அதன் கட்டணம் 14 யூரோ; இடையில் எங்கும் நிற்காமல் டெர்மினிக்குப் போகும். சிவிதவெக்கியா ரயில்களோ அங்கே பெரும்பாலும் 25-க்கு மேற்பட்ட எண்ணுள்ள நடைமேடைகளிலிருந்து கிளம்புகின்றன. முன்கூடத்திலிருந்து அவற்றை அடையப் பெட்டியை இழுத்துக்கொண்டு வெகுதூரம் நடக்க வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் ஏறும் ரயில், வந்த திசையிலேயே திரும்பி டிராஸ்டெவெரே நிலையத்தைக் கடந்துதான் செல்லும்.

ஆகவே விமான நிலையத்திலேயே எஃப்எல்1 என்னும் புறநகர் ரயிலில் ஏறி, சுமார் அரை மணி நேரத்தில் டிராஸ்டெவெரேயில் இறங்குங்கள். வார நாட்களில் கால் மணி நேரத்துக்கு ஒன்று ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணிக்கு ஒன்று. அங்கே எஃப்எல்5 வழித்தட ரயிலுக்கு மாறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சிவிதவெக்கியா வந்துவிடும். முதல் ரயிலுக்கு 8 யூரோ, இரண்டாவதற்கு 5 யூரோ அளவில் ஆகும். இத்தாலிய ரயில் நிறுவனமான டிரெனிடாலியாவின் செயலியில் முழு வழிக்கும் ஒரே சீட்டாக வாங்கிக்கொள்ளலாம். இவை வட்டார ரயில்கள் என்பதால் முன்பதிவும் இருக்கை எண்ணும் கிடையா. முன்கூட்டி வாங்குவதால் விலை குறைவதும் இல்லை.

இரண்டு இடங்களில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். காகிதச் சீட்டாக இருந்தால், ஏறுவதற்கு முன் நடைமேடை அருகிலுள்ள சிறு இயந்திரத்தில் அதை நுழைத்து நேர முத்திரை பெற வேண்டும். செயலியில் வாங்கிய சீட்டாக இருந்தால் புறப்படுவதற்கு முன் செக்-இன் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், சீட்டு கையில் இருந்தும் அபராதம் கட்ட நேரும். அடுத்து, அறிவிப்புப் பலகையில் ‘சிவிதவெக்கியா’ என்ற பெயரை மட்டும் தேடாதீர்கள். அவ்வழியாக க்ரொசெட்டோவுக்கோ பீசாவுக்கோ செல்லும் ரயில்களும் அங்கே நிற்கின்றன. பலகையில் அவற்றின் கடைசி ஊர்தான் பெரிதாகத் தெரியும். ரயில் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு அதையே பாருங்கள்.

பதில்: முந்தையநாள்

மேலே சொல்லப்பட்ட வழியில் எனக்கு மறுப்பு இல்லை. எனக்குக் கவலை தருவது அந்த எட்டு மணி விமானம். கடவுச்சீட்டுச் சோதனையும் பெட்டிக்குக் காத்திருப்பதும் சேர்ந்தாலே பத்து மணி ஆகிவிடலாம். கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்பினாலும் பயணிகளைப் பதிவு செய்வதை ஒரு மணி நேரத்துக்கு முன்னதாகவோ, அதற்கும் முன்பாகவோ நிறுத்திவிடுவார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் நேரம் தாராளமாக இருக்கிறது. ஆனால் விமானம் நான்கு மணி நேரம் தாமதித்தால் எந்தப் போக்குவரத்தும் உங்களைக் காப்பாற்றாது. கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த பேருந்து வழியில் தாமதித்தால் அது அவர்கள் பொறுப்பு. நாமாகச் செல்லும்போது கப்பல் நமக்காக நிற்காது.

முடிந்தால் ஒரு நாள் முன்னதாக வாருங்கள். காருக்குப் பதில் ரயிலில் செல்வதால் மிஞ்சும் பணத்தை அந்த ஓர் இரவின் தங்கலுக்குச் செலவிடுவதுதான் அறிவுடைமை என்று உறுதியாக நம்புகிறேன். சிவிதவெக்கியாவிலேயே தங்கலாம், அதே ரயில் பாதையில் கடலோரம் அமைந்த சாந்தா மரினெல்லாவிலும் தங்கலாம்.

மற்றொரு காரணம் வேலைநிறுத்தம். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தங்கள் அடிக்கடி நடக்கின்றன. ஆனால் அவை திடீரென வருபவை அல்ல. 1990-ஆம் ஆண்டின் 146-ஆம் எண் சட்டப்படி குறைந்தது பத்து நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையிலும் மாலை 6 முதல் 9 வரையிலும் இன்றியமையாத வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும்; ஞாயிறு, விடுமுறை நாட்களில் இந்த உறுதி இல்லை. நீங்கள் வெளியே வரும் பத்து மணியோ, இந்த இரு வேளைகளுக்கும் இடைப்பட்ட, உறுதி இல்லாத நேரத்தில் விழுகிறது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, வேலைநிறுத்தத்தைக் குறிக்கும் ‘ஷோபெரோ’ (sciopero) என்ற இத்தாலியச் சொல்லோடு தேதியைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

தனிவழி

இருவருக்கும் மிக்க நன்றி. விமானச் சீட்டை மாற்ற முடிந்தது. முந்தைய நாள் வந்து சிவிதவெக்கியாவில் தங்குகிறேன். இனி இரண்டே ஐயங்கள். நிலையத்திலிருந்து கப்பல் வரை நடக்க முடியுமா? பெட்டியை வைத்துக்கொண்டு தனியாக நிற்பது எவ்வளவு பாதுகாப்பானது?

பதில்: கரையோரம்

நிலையத்திலிருந்து வெளியே வந்து வலப்புறமாகக் கடற்கரைச் சாலையில் நடந்தால், மிகேலாஞ்சலோவின் பெயர் தாங்கிய கோட்டை தெரியும். அதன் அருகில் உள்ளது, டிராஜன் பேரரசர் காலத்தில் அமைக்கப்பட்ட பழைய துறைமுகப் பகுதி. முந்தைய நாள் மாலையில் கைகளை வீசிக்கொண்டு அவ்வழியே ஒருமுறை நடந்து பாருங்கள். இடம் பழகிவிடும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் கப்பல்கள் நிற்கும் துறைகள் அங்கிருந்து வெகுதூரம் விரிந்து கிடக்கின்றன. பெட்டியுடன் கப்பல் வரை நடக்க எண்ண வேண்டாம். லார்கோ டெல்லா பாச்சே என்ற இடத்திலிருந்து துறைமுகத்தின் ஷட்டில் பேருந்துகள் பயணிகளை அந்தந்த முனையத்துக்கு ஏற்றிச் செல்கின்றன. ரயில் நிலையத்திலிருந்து அந்த இடத்துக்கு உள்ளூர்ப் பேருந்தும் உண்டு. உங்கள் கப்பல் நிற்கும் முனையத்தின் எண்ணைக் கப்பல் நிறுவனத்திடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, கூட்டமான ரயில் நிலையங்களில் சீட்டு இயந்திரத்தின் அருகே உதவுவதாக வலிய வருபவர்களை ஏற்காதீர்கள். உங்கள் கவனம் திரையில் இருக்கும்போது பை காணாமல் போவது அங்கே நெடுநாளாக நடப்பது. துணையுடன் வருபவர்களில் ஒருவர் சீட்டு வாங்க, மற்றவர் பெட்டியைப் பார்த்துக்கொள்வார். தனியாக வருபவருக்கு அந்த வசதி இல்லை. எனவே சீட்டைச் செயலியிலேயே வாங்கி முடித்துவிடுவது நல்லது. டிராஸ்டெவெரேயில் நடைமேடை மாறச் சுரங்கப்பாதை வழியாகச் செல்ல நேரும். பெட்டி நீங்களே தூக்கக்கூடிய எடையில் இருக்கட்டும்.

முனையத்துக்கு வந்ததும் பெரிய பெட்டியை வாசலிலேயே பணியாளர்கள் வாங்கிக்கொள்வார்கள். அது உங்கள் அறைக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம். கடவுச்சீட்டு, கப்பல் சீட்டு, மருந்துகள், அன்று மாலைக்கு வேண்டிய உடை ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்துவிட்டால், பதிவு மேசைக்கு வந்த பிறகு அந்தப் பெட்டியைத் தேடி எடுப்பது மிகவும் கடினம்.