சைட் லேஅவுட்: வெயிட் மாத்தினாலும் ஒரே ரிசல்ட், அவசர உதவி

சைட்_தம்பி:
வணக்கம், கட்டட சைட்ல ஷெட், யார்டு மாதிரி எது எங்க வரணும்னு முடிவு பண்ற சைட் லேஅவுட்டுக்கு பைத்தான்ல ஒரு ப்ரோக்ராம் போட்டிருக்கேன், சாமான் தூக்குற செலவும் குறையணும் ரிஸ்க்கும் குறையணும், ஆனா செலவு-ரிஸ்க் வெயிட்ட (எதுக்கு எவ்ளோ முக்கியத்துவம்னு) 0.5-0.5 குடுத்தாலும் 0.1-0.9 குடுத்தாலும் லேபர் ஷெட் (ஆளுங்க குடும்பத்தோட தங்குறது) போயி டவர் கிரேன் சுத்துற வட்டத்துக்குள்ளயே உக்காருது. பிஎம் (ப்ராஜெக்ட் மேனேஜர்) திங்கக்கிழமை ட்ராயிங் கேக்குறாரு. எங்க தப்பு?

கம்பி_கணக்கு:
எத்தன ஐட்டம், எத்தன இடம், எந்த மெத்தட்? ஒண்ணுமே சொல்லலயே ப்ரோ.

மேஸ்திரி_மகன்:
கேட் அகலம் எவ்ளோ? கம்பி 12 மீட்டர் நீளத்துல வரும், ட்ரெய்லர் உள்ள திரும்பலன்னா கம்பி யார்டு (கம்பி அடுக்கி வெட்டி வளைக்குற இடம்) ரோட்டோரம்தான், அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்.

கோட்_குமரன்:
ஜெனடிக் அல்காரிதம்தானே (விடைங்கள கலந்து மாத்தி நல்லத தேடுற முறை)? ம்யூட்டேஷன், அதாவது விடைய அங்கங்க மாத்துறது, கம்மியா இருக்கும். பாப்புலேஷன, அதாவது ஒரே நேரத்துல வச்சுக்குற விடை எண்ணிக்கைய, 500 ஆக்கு, சரியாயிடும். எனக்கும் இதே மாதிரி மாட்டிருக்கு.

சைட்_தம்பி:
சாரி. ஐட்டம் 9, இடம் 11. ஆமா, ஜெனடிக் அல்காரிதம்தான். பாப்புலேஷன் 500 போட்டுப் பாத்தேன், அதே ரிசல்ட்.

பழைய_இன்ஜினியர்:
தம்பி, நாங்கல்லாம் சுண்ணாம்புத் தூள் எடுத்து தரையில கோடு போட்டே லேஅவுட் முடிச்சவங்க. முதல்ல காலையில ஆறு மணிக்கு சைட்ல போயி நில்லு, ஆள் எந்தப் பக்கம் நடக்குறான்னு பாரு. லேப்டாப்புக்கு அது தெரியாது.

கம்பி_கணக்கு:
11 இடத்துல 9 ஐட்டம்னா மொத்தமே 1,99,58,400 வழிதான். அத்தனையும் ஓட்டிப் பாத்துரலாமே, ஜெனடிக்கே வேணாம். அப்பவும் இதே லேஅவுட் வந்தா தப்பு தேடுற விதத்துல இல்ல, கணக்குலதான் இருக்கு.

வரைபட_அக்கா:
செலவு ரூபாயிலயா? ரிஸ்க் எந்த அளவுல?

சைட்_தம்பி:
ஆமாக்கா, செலவு மாசத்துக்கு 4 லட்சம் கிட்ட வரும். ரிஸ்க் 0 முதல் 1 வரை.

வரைபட_அக்கா:
அதுதான் விஷயம். ரிஸ்க்குக்கு 0.9 வெயிட் குடுத்தாலும் அது 0.9-ஐத் தாண்டாது, செலவுக்கு 0.1 குடுத்தாலே 40,000 வந்து நிக்குது, அதுக்கு முன்னாடி ரிஸ்க் கண்ணுக்கே தெரியாது. முதல்ல ஒவ்வொண்ணையும் தனித்தனியா குறைச்சு, ரெண்டுக்கும் மிகக் குறைஞ்சதும் மிக அதிகமானதும் எடுத்துக்கோ, அப்புறம் குறைஞ்சத கழிச்சு வித்தியாசத்தால வகுத்து ரெண்டையும் 0-1 ஆக்கு. இன்னொண்ணு, கிரேன் வட்டத்துக்குள்ள ஆள் தங்குறதெல்லாம் வெயிட்ல பேரம் பேசுற விஷயமே இல்ல, அந்த இடங்களை லேபர் ஷெட்டுக்கு அடியோட தடை பண்ணு. மேல கம்பிக்கட்டு தொங்கும், கீழ சின்னப் புள்ளைங்க தூங்கும். செலவு மிச்சம்னு சொல்லி அத ஏத்துக்க முடியாது.

கோட்_குமரன்:
வெயிட் போட்டுக் கூட்டுறதே தப்பு, செலவு-ரிஸ்க் வளைவு நடுவுல குழிஞ்சிருக்கிற இடத்துல உள்ள நல்ல விடைங்க சிலது எந்த வெயிட்டுக்கும் வராது. டெப் குழு 2002-ல போட்ட என்எஸ்ஜிஏ-2 (பல இலக்க ஒண்ணா தேடுற ஜெனடிக் அல்காரிதம்) போடு, மொத்த பரேட்டோ வளைவும், அதாவது ஒண்ண குறைச்சா இன்னொண்ணு கூடுற விடைங்க எல்லாம், கைக்கு வரும்.

பழைய_இன்ஜினியர்:
வளைவ பிஎம் கிட்ட குடுத்தா அவர் என்ன பண்ணுவாரு? அவருக்கு ஒரு ட்ராயிங் வேணும்.

மேஸ்திரி_மகன்:
கம்பிய வெளியவே வெட்டி வளைச்சு வாங்கிட்டா யார்டே வேணாமே, ஒரு ஐட்டம் மிச்சம்.

பழைய_இன்ஜினியர்:
ட்ராயிங் பாதியில மாறும்போது அந்தக் கம்பிய யார் திருப்பி எடுத்துப்பா? யார்டு சைட்லதான் இருக்கணும்.

மேஸ்திரி_மகன்:
எங்க சைட்ல வெளிய வெட்டி வாங்க ஆரம்பிச்சதுக்கப்புறம் துண்டுக்கம்பி குவியலே இல்ல சார். இடம் நெருக்கடியான சைட்டுக்கு அதான் வழி.

பழைய_இன்ஜினியர்:
லாரி ஒரு நாள் லேட்டானா ஸ்லாப் ஒரு நாள் லேட்டு. அதையும் சேத்து எழுதுங்க.

சைட்_தம்பி:
0-1 ஆக்கிட்டேன், கிரேன் வட்டத்தையும் தடை பண்ணிட்டேன். ஷெட் வடகிழக்கு மூலைக்குப் போயிடுச்சு, செலவு மாசத்துக்கு 14,000 கூடுது, பிஎம் ஓகேன்னுட்டாரு. ரொம்ப நன்றிக்கா. நாளைக்கு கான்கிரீட் இருக்கு, கிளம்புறேன்.

மேஸ்திரி_மகன்:
தம்பி, கேட் அகலம் இன்னும் சொல்லலயே?