காய்ச்சலுக்குப் பின் முடி கொட்டுகிறது, தலையில் சொடுகும் இருக்கிறது: எதை முதலில் கவனிப்பது?

துறையடி ஆசிரியை (களுவாஞ்சிகுடி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. கடந்த தை மாதம் டெங்குக் காய்ச்சல் கண்டு ஆறு நாட்கள் வைத்தியசாலையில் இருந்தேன். உடம்பு தேறிப் பாடசாலைக்குத் திரும்பிய பிறகு, பங்குனி நடுப்பகுதியிலிருந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. சீப்பில் சுற்றிக்கொண்டு வருவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். முழுகும்போது கிணற்றடி வாய்க்காலை முடி அடைத்துக்கொள்வதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. உதிர்ந்த முடியின் அடியில் வெள்ளையாக ஒரு சிறு புள்ளி இருக்கிறது. வேரே கழன்று வந்துவிட்டது, இனி அந்த இடத்தில் முளைக்காது என்று அயலில் சொல்கிறார்கள்.

காய்ச்சலுக்கு முன்பிருந்தே எனக்குச் சொடுகு உண்டு. இப்போது அது கூடி, மஞ்சள் கலந்த பிசுபிசுப்பான செதில்கள் உச்சியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அரிப்பும் தாங்க முடியவில்லை. தலை காய்ந்துபோனதால்தான் சொடுகு, எண்ணெய் காணாமல் வேர் பட்டினி கிடக்கிறது என்பது என் மாமியின் கருத்து. செவ்வரத்தம் பூவும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயை ஒவ்வோர் இரவும் அவரே தேய்த்து விடுகிறார். வெள்ளிக்கிழமைகளில் தேசிக்காய்ச் சாறும் உண்டு. மற்ற நாட்களில் எண்ணெய்த் தலையோடு கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குருமண்வெளித் துறையில் பாதையேறி (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) வேலைக்குப் போகிறேன்.

சொடுகினால் முடி கொட்டுகிறதா, காய்ச்சலினாலா? எண்ணெயைத் தொடரலாமா? எங்கள் கிணற்று நீர் சற்று உவர். அதையும் சந்தேகிக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவளாக இருப்பேன்.


ஓய்வுபெற்ற மருந்தாளர் (கல்லடி)

சகோதரி, உங்களுக்கு இருப்பது ஒரு நோயல்ல, ஒரே தலையில் ஒரே காலத்தில் சந்தித்துக்கொண்ட இரண்டு சங்கதிகள். இவற்றைப் பிரித்துப் பார்க்காதவரை எந்த மருந்தும் பிழையான இடத்திலேயே போய் விழும்.

முதலில் உதிர்வு. தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை, மாதத்துக்குச் சுமார் ஒரு சென்ரிமீற்றர் வீதம் வளர்ந்து, பிறகு சில வாரங்களில் வளர்ச்சியை நிறுத்தி, மூன்று மாதமளவில் ஓய்வெடுத்து உதிரும். வழமையாகப் பத்தில் ஒரு பங்கு முடிதான் ஓய்வில் இருக்கும். ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. டெங்கு போன்ற கடுங்காய்ச்சலோ, பிரசவமோ, பெரிய சத்திரசிகிச்சையோ வரும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பங்கு ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடுகிறது. அவை உதிர்வதோ இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத்தான். தையில் காய்ச்சல், பங்குனியில் உதிர்வு என்ற உங்கள் கணக்கு இதற்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. அந்த வெள்ளைப் புள்ளி வேர் அல்ல. ஓய்வுக்குப் போன முடியின் அடி கதாயுதம்போல் தடித்துக் காய்ந்திருக்கும். முடியை உண்டாக்கும் குழி தோலுக்குள் அப்படியே இருக்கிறது, பெரும்பாலும் அடுத்த முடி அதற்குள் புறப்பட்டும் இருக்கும். இந்த உதிர்வு பொதுவாக ஆறு மாதங்களுக்குள் அடங்கிவிடும்.

இனி உச்சந்தோல். சொடுகு வறட்சியால் வருவது என்பது நம் வீடுகளில் ஆழமாக ஊறிய எண்ணம். மஞ்சளாகப் பிசுபிசுக்கும் செதில்களைப் பொறுத்தவரை உண்மை அதற்கு நேர்மாறானது. மலசீசியா என்னும் ஒரு நுண்பூஞ்சை எல்லோருடைய தலையிலும் வாழ்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பமிலங்களைத் தானே ஆக்கிக்கொள்ள அதனால் முடியாது. தோல் சுரக்கும் எண்ணெயை உடைத்து, தனக்கு ஏற்றதை எடுத்துக்கொண்டு, ஒலெயிக் அமிலம் போன்ற மிச்சத்தைத் தோலில் விட்டுவிடுகிறது. அந்த மிச்சத்தைத் தாங்காத தலைகளில்தான் அழற்சியும் அரிப்பும் செதிலும் தோன்றுகின்றன. ஆய்வுகூடத்தில் இந்தப் பூஞ்சையின் சில இனங்களை வளர்க்க வேண்டுமென்றால் ஊடகத்தின் மேல் ஒலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள். உங்கள் மாமி அன்போடு செய்வதும், அறியாமலே, ஏறக்குறைய அதுதான். வேர் பட்டினி கிடக்கிறது என்பதும் சரியல்ல. முடியின் குழி தோலுக்குள் சில மில்லிமீற்றர் ஆழத்தில் இரத்தத்திலிருந்து உணவு பெறுகிறது. மேலே தடவும் எண்ணெய் அதற்கு உணவாவதில்லை.

சொடுகு முடியைக் கொட்டச் செய்யுமா என்றால், தனித்து நின்று தலையை வெறுமையாக்கும் அளவுக்கு இல்லை. ஆனால் நாட்பட்ட அழற்சி முடியின் வளர்ச்சிக் காலத்தைச் சுருக்கவும் முளைத்து வரும் முடியை நலிவாக்கவும் கூடும். சொறியும் நகம் இருக்கிற முடியையும் ஒடிக்கும். காய்ச்சலின் விளைவு தானாக ஓய்ந்தபின் புதிய முடி நல்ல தோலிலிருந்து வர வேண்டும் என்பதற்காகவே சொடுகை இப்போதே அடக்குவது நல்லது.

செய்ய வேண்டியது: இரவு எண்ணெயை நிறுத்துங்கள். பூஞ்சையை அடக்கும் கீற்றோகொனசோல் 2 சதவீத ஷாம்புவை வாரம் இரு முறை, நான்கு வாரங்களுக்குப் பயன்படுத்துங்கள். முடியில் அல்ல, பிரித்துப் பிரித்துத் தோலில் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். தேய்த்தவுடன் கழுவுவதால்தான் பலர் அது வேலை செய்யவில்லை என்கிறார்கள். கர்ப்பமாக இருந்தாலோ பாலூட்டினாலோ வைத்தியரிடம் கேட்டுத் தொடங்குங்கள். உதிர்வு ஆறு மாதம் தாண்டினாலோ, நடுவகிடு அகன்றுகொண்டே போனாலோ அது வேறு கதை. அப்போது போதனா வைத்தியசாலைத் தோல் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.


காத்தான்குடி ராத்தா

மருந்தாளர் ஐயா சொன்னவற்றோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். தலையை மூடுவதால் காற்றும் வெயிலும் படாமல் முடி கொட்டுகிறது என்று எனக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டது. நானும் நம்பிக் கவலைப்பட்டேன். தோல் வைத்தியர் பார்த்துவிட்டு, துணி முடியைக் கொட்டச் செய்வதில்லை, நீங்கள் அதற்கடியில் செய்வதுதான் செய்கிறது என்றார். சுபஹுக்கு முன் முழுகிவிட்டு, ஈரம் உலராமலே முடியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் உள்தொப்பியும் முக்காடும் போட்டுக்கொண்டு மாலைவரை இருந்திருக்கிறேன். எங்கள் கரையோரப் புழுக்கத்தில் அந்த ஈரம் நண்பகல் வரை காயாது. எனக்கு முடித்தண்டிலேயே வெண்மையான சிறு முடிச்சுகள் வந்திருந்தன. பேன் ஈர் என்று நினைத்துச் சீப்புப் போட்டுக் களைத்திருந்தேன். அது முடியின் மேல் வளரும் ஒருவகைப் பூஞ்சை என்று வைத்தியர் விளக்கினார்.

இப்போது இரவில் முழுகி, நன்றாக உலர்த்திவிட்டே படுக்கிறேன். முடியைத் தளர்த்திக் கட்டுகிறேன். உள்தொப்பியை நாளுக்கு ஒன்றாக மாற்றுகிறேன். சகோதரி, நீங்களும் ஈரக் கொண்டையுடன் பாதையேறுகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நரை மறைக்க விற்கும் கறுப்பு மருதோன்றி, இலையை அரைத்த மருதோன்றி அல்ல. அதைக் கறுப்பாக்குவது பெரும்பாலும் பீபீடீ எனப்படும் சாயப் பொருள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது தலையைப் புண்ணாக்கி, முகத்தையே வீங்க வைத்துவிடும். அரிப்புள்ள தலையில் அதைத் தொடவே வேண்டாம்.


கரைவாகுச் சலூன் (கல்முனை)

நான் 22 வருடமாகக் கத்தரி பிடிப்பவன், படித்த வைத்தியன் அல்லன். எண்ணெய்க்காக இரண்டு சொல் பேச விரும்புகிறேன். செதிலும் அரிப்பும் இல்லாத தலையில் அளவோடு எண்ணெய் வைப்பவர்களின் முடி, வெட்டும்போது கைக்கு வழுவழுப்பாகவும் நுனி வெடிக்காமலும் இருப்பதை நாள்தோறும் காண்கிறேன். எண்ணெயையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட வேண்டாம்.

ஆனால் கொண்டை விடயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். நெற்றியோரமும் காதுக்கு முன்னாலும் முடி மெலிந்திருக்கிறதா என்று அக்கா கண்ணாடியில் பார்க்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கண் இழுபடும் அளவுக்கு இரட்டைப் பின்னல் போட்டு ரிபன் கட்டும் தாய்மாரிடமும் இதையே சொல்கிறேன். இழுத்து இழுத்துப் போன முடி தொடக்கத்தில் கட்டைத் தளர்த்தினால் திரும்பும். வருடக்கணக்கில் இழுபட்டால் அந்த இடம் பளபளவென்று ஆகி, பிறகு வராது.

இன்னொன்று, இது அக்காவுக்கு அல்ல, வாசிக்கும் பெற்றோருக்கு. பிள்ளையின் தலையில் காசளவு வட்டமாக முடி ஒடிந்து செதில் கண்டால், அதைச் சொடுகு என்று எண்ணி வெள்ளைப்பூண்டு தேய்க்காதீர்கள். அது படர்தாமரை, மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றும். பூசும் களிம்பு மட்டும் முடிக்குழிக்குள் போய்ச் சேராது, வைத்தியர் தரும் மருந்தை வாரக்கணக்கில் உட்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளையை நாற்காலியில் ஏற்றாமல் நான் திருப்பி அனுப்பினால் தகப்பன்மார் கோபித்துக்கொள்கிறார்கள். என் இயந்திரத்தால் இன்னும் பத்துப் பிள்ளைகளுக்குப் பரவும் என்பதை எப்படிப் பணிவாகச் சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.


துறையடி ஆசிரியை (களுவாஞ்சிகுடி)

மூவருக்கும் நன்றி. நெற்றியோரம் பார்த்தேன், இடது பக்கம் கொஞ்சம் மெலிந்துதான் இருக்கிறது, கொண்டை இனித் தளர்வாகவே இருக்கும். ஈரக் கொண்டைக் குற்றமும் என்னிடம் உண்டு. மாமிக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ஆய்வுகூடத்தில் எண்ணெய் ஊற்றும் இடத்தில் அவருடைய முகம் மாறிவிட்டது, பாவமாகவும் இருந்தது. கிணற்று நீரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. இரத்தப் பரிசோதனை ஏதும் வேண்டுமா? என்னுடன் கற்பிப்பவர் ஒருவர் பயோட்டின் என்ற விற்றமின் குளிசை வாங்கித் தந்திருக்கிறார்.


ஓய்வுபெற்ற மருந்தாளர் (கல்லடி)

கிணற்று நீரை விட்டது என் பிழை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் தோண்டிய நம் கிணறுகளில் பலவற்றில் உவரும், கல்சியம் மகனீசியம் உப்புகளும் கூடுதலாக இருக்கும். இந்த நீர் முடிக்குழியைத் தாக்கி உதிரச் செய்வதில்லை. ஆனால் சவர்க்காரம் போட்டு முழுகினால், அந்த உப்புகளோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகத் தலையில் தங்கும். முடி சொரசொரத்துச் சிக்குப்பட்டு, சீப்புப் போடும்போது ஒடியும். அந்தப் படிவையே சொடுகு என்று எண்ணி மேலும் சவர்க்காரம் தேய்ப்பவர்களை என் பணிக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன். ஷாம்பு அப்படிப் படிவதில்லை. உங்களுக்குக் குழாய் நீர் இருந்தால் கடைசி ஒரு வாளியை அதில் ஊற்றுங்கள், அதுவே போதும்.

தேசிக்காய் இந்தப் படிவைக் கரைக்க உதவும் என்பது உண்மை. நம் முன்னோர் காரணமில்லாமல் அதைப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு வாளித் தண்ணீரில் அரைப் பழம் பிழிந்து ஊற்றிக் கழுவிவிடுவது வேறு, அழற்சி கண்ட தோலில் சாற்றை நேராகத் தேய்ப்பது வேறு. சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும் கருந்தழும்பும் வரலாம். பாதையில் திறந்த வெயிலில் வாவி கடக்கும் உங்களுக்கு அது ஆகவே ஆகாது.

பரிசோதனை என்றால், இரத்தத்தின் முழு எண்ணிக்கை, பெரிட்டின், தைரொயிட் ஆகியவற்றை வைத்தியரிடம் கேளுங்கள். பெரிட்டின் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது. காய்ச்சல் நேரத்தில், முக்கியமாக டெங்குவில், அது பொய்யாக உயர்ந்து நிற்கும், ஆகவே உடம்பு நன்றாகத் தேறியபின் பார்ப்பதே சரி. சோறு உண்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் வழக்கம் இருந்தால் ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள், ஏனென்றால் தேயிலை உணவிலுள்ள இரும்பை உறிஞ்சவிடாது. பயோட்டின் குறைபாடு நம்மிடையே அரிது. அந்தக் குளிசை உங்கள் உதிர்வை நிறுத்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதோடு கூடிய அளவில் உட்கொண்டால் அது தைரொயிட் பரிசோதனையின் முடிவையே பிறழச் செய்யும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2017 இல் இதுபற்றி எச்சரித்தது. எடுத்தால் வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

கல்முனைத் தம்பி எண்ணெய்க்காக வாதாடியது நியாயமே, நான் சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன். தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள் ஊறி, கழுவும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்று 2003 இல் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டியது. கனிய எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அதைச் செய்யவில்லை. ஆய்வு செய்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஆயினும் அதன் விளக்கம் ஏற்கத்தக்கது. அந்தப் பயன் தண்டுக்குத்தான், தோலுக்கல்ல. எனவே முழுகுவதற்கு அரை மணித்தியாலம் முன்பு, காதுக்குக் கீழே தொங்கும் முடிக்கு மட்டும் மாமி எண்ணெய் தடவி விடட்டும். சொடுகு அடங்கும்வரை உச்சியைத் தொட வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.


துறையடி ஆசிரியை (களுவாஞ்சிகுடி)

சொன்னேன். காதுக்குக் கீழே என்றால் சரி என்று ஒப்புக்கொண்டார். செவ்வரத்தம் பூ மட்டும் போடலாமா என்று கேட்கச் சொல்கிறார்.


ஓய்வுபெற்ற மருந்தாளர் (கல்லடி)

அது முடியை வளர்க்கும் என்பது மனிதத் தலையில் உறுதிப்பட்டதில்லை, தண்டுக்குத் தடவுவதால் கெடுதியும் இல்லை. தாராளமாகப் போடட்டும், எண்ணெயை நன்றாக வடித்து, துகள் தலையில் தங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.