மெஷின் தாளத்தில் கவ்வாலி: நீங்க முதல்ல கேட்டது எப்போ?

கவ்வாலிங்கிற சூஃபி பக்திப் பாட்டை மெஷின் தாளத்தோட கேட்ட கதையை ஆளுக்கொண்ணா எழுதுங்க. நானே ஆரம்பிக்கிறேன். 2004, ஷார்ஜா. ரூமில் ஆறு பேர். அதில் ஒரு லாரி டிரைவர் பைசலாபாத்காரர், பாகிஸ்தான் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானின் ஊர். அவரிடம் போய் நான் பெருமையாக, நுஸ்ரத்தின் 'மஸ்த் மஸ்த்' பாட்டுக்கு மாஸிவ் அட்டாக் என்ற பிரிட்டிஷ் இசைக்குழு செய்த ரீமிக்ஸைப் போட்டுக் காட்டினேன். பாய் கண்ணை மூடிக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏறவே மாட்டேங்குதே?" என்றார். பிறகு தன் கேசட்டைப் போட்டார். ஆலாபனையில் அசைந்து அசைந்து தொடங்கியது, அரை மணி நேரத்தில் கைதட்டலும் தபலாவும் ஓட்டமாக ஓடின. ரீமிக்ஸ் எங்கே தொடங்கியதோ அங்கேயேதான் நின்றது.

•

அந்த 'ஏறுறது' என்னன்னு எனக்கு டெல்லியில்தான் புரிஞ்சது. நிஜாமுதீன் தர்கா, வியாழன் சாயங்காலம். (கவ்வாலியை உருவாக்கியவராகச் சொல்லப்படும் கவிஞர் அமீர் குஸ்ரோ அடங்கியிருப்பதும் அதே வளாகத்தில்தான்.) முன்வரிசையில் ஒரு பெரியவர் ஏதோ ஒரு வரிக்கு அழ ஆரம்பிச்சார். கவ்வால், அதாவது பாடுறவர், அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டே அதே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடினார். பெரியவர் அடங்கின பிறகுதான் அடுத்த அடி. லூப்பும் (மெஷின் திரும்பத் திரும்ப ஓட்டுற ஒலித்துண்டு) ஒரே வரியைத்தான் சுத்துது. யார் அழுதா அதுக்கென்ன?

•

லூப்பை ரொம்பத் திட்டாதீங்க, எனக்குச் சோறு போடுறது அதுதான். ஒரு பக்கீர் தாயிரா (கையில் பிடிச்சு அடிக்கிற வட்டப் பறை) அடிச்சுப் பாடினதை, கிளிக் டிராக் (வேகம் மாறாமலிருக்கக் காதில் ஒலிக்கும் டிக் டிக்) இல்லாமல் பதிவு செய்தோம். 84 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை அடி) தொடங்கி 112ல் முடித்தார். எல்லா அடியையும் கிரிட்டில், அதாவது கம்ப்யூட்டரின் சம இடைவெளிக் கட்டங்களில், இழுத்து உட்கார வைத்தேன். கணக்கு சுத்தம், பாட்டு பிணம். அப்புறம் டெம்போ மேப் போட்டு, அதாவது அவர் வேகம் மாறுற இடமெல்லாம் குறிச்சு, மெஷினை அவர் பின்னால் நடக்க விட்டேன். பாதி ராத்திரி போச்சு, ஆனா பாட்டுக்கு உயிர் வந்துச்சு.

எடிட்டிங்கிலும் கண்ணி உண்டு. 1990ல் ரியல் வேர்ல்டு என்ற இசை நிறுவனம் வெளியிட்ட நுஸ்ரத்தின் 'மஸ்த் மஸ்த்' ஆல்பத்தில், அதன் தயாரிப்பாளர் மைக்கேல் புரூக் மொழி தெரியாமல் சில வரிகளைப் பாதியில் வெட்டிவிட்டார். அர்த்தம் கெட்டுப்போனதை நுஸ்ரத் ஏற்கவில்லை. அந்த ஆல்பத்தில் பெரும்பகுதி வெறும் ஸ்வரமும் ஆலாபனையும் என்பதால் புரூக் தப்பித்தார். சொல் இருக்கும் இடத்தில் கத்தரி வைக்கும் முன்னாடி, அந்த மொழி தெரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்தில் உட்கார வைங்க.

•

மறுபடி நான்தான், முதல்ல ஷார்ஜா கதை சொன்னவன். மேலே சொல்ல விட்டுப்போச்சு. பாய் ஊருக்குப் போகும்போது என்கிட்ட இருந்த அந்த ரீமிக்ஸ் சிடியைக் கேட்டு வாங்கிக்கிட்டுப் போனார். மகனுக்காம்.