ஜப்பானிய மொழி ஆசிரியராக: என்.2 போதுமா, டிப்ளோமாவும் வேண்டுமா?

கேள்வி – கொட்டாஞ்சேனை மாணவி

வணக்கம். களனிப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி படித்துப் பட்டம் முடித்திருக்கிறேன். ஜே.எல்.பி.டி. எனும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்.3 நிலை இருக்கிறது, டிசம்பரில் அதற்கு அடுத்த மேல்நிலையான என்.2 எழுதப் போகிறேன். ஆசிரியையாக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. "மொழிதான் தெரியுமே, பிறகு எதற்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா? நேரே வகுப்புத் தொடங்கு" என்கிறார் அப்பா. இப்போது வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வாசிக்கிறார்கள், எழுதுகிறார்கள், ஆனால் வாய் திறப்பதில்லை. இதற்கெல்லாம் அந்த டிப்ளோமாப் பயிற்சியில் வழி உண்டா?

பதில் – வெள்ளவத்தை ஆசிரியை

தங்கச்சி, அந்தப் பிள்ளைகள் வாய் திறக்காததற்கு அவர்கள் காரணமில்லை. ஜே.எல்.பி.டி.யில் பேச்சுக்கு ஒரு வினாகூடக் கிடையாது. அந்தத் தேர்வுக்காகவே படித்து வந்த நாம், படித்தபடியே சொல்லியும் கொடுக்கிறோம்.

நான் டிப்ளோமா செய்தபோது கற்பித்தல் பயிற்சியில் தரம் 10 வகுப்பு ஒன்று கிடைத்தது. 40 நிமிடப் பாடவேளை. விரிவுரையாளர் கடைசி வாங்கில் இருந்து பார்த்தார். மணி அடித்ததும் தன் கொப்பியை என் பக்கம் திருப்பினார். நான் பேசிய ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு கோடு: 33. பிள்ளைகள் எல்லோருக்குமாக 4. திட்டவில்லை. "நாளைக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள்" என்றார், அவ்வளவுதான். அன்றிரவு என் விளக்கங்களையெல்லாம் வெட்டிவிட்டு, கடையில் சாமான் வாங்குவது போல இருவர் இருவராகக் கதைக்கும் பயிற்சி ஒன்றை எழுதினேன். மறுநாள் வகுப்பு இரைந்தது. பிழை பிழையாகக் கதைத்தார்கள், ஆனால் எல்லோரும் கதைத்தார்கள். வீட்டு வகுப்பில் பத்து வருடம் இருந்திருந்தாலும் அந்தக் கொப்பியை எனக்கு யார் காட்டியிருப்பார்கள்?

ஆகவே சேருங்கள். ஆனால் விண்ணப்பிக்க முன், கற்பித்தல் பயிற்சியை ஜப்பானியப் பாடத்திலேயே செய்ய விடுவார்களா என்று கேட்டுத் தெளியுங்கள்.

இன்னொன்று. தமிழ் நமக்குப் பெரிய துணை. "கக்கோ நி இகிமஸ்" என்பது சொல்லுக்குச் சொல், உருபுக்கு உருபு, "பள்ளிக்குப் போகிறேன்"தான். முதல் வாரத்தில் இதைக் காட்டினால் பிள்ளைகளின் பயம் பாதி போய்விடும். சறுக்கும் இடங்களும் தமிழிலிருந்தே வருகின்றன. "கொழும்பில் இருக்கிறேன்", "கொழும்பில் வேலை செய்கிறேன்" இரண்டிலும் நமக்கு "இல்". ஜப்பானியருக்கு முன்னதில் "நி", பின்னதில் "தெ". நாய் நமக்கு அஃறிணை. அதனால் "இருக்கிறது" என்பதற்கு, மேசைக்குச் சொல்வது போல நாய்க்கும் "அரிமஸ்" என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். உயிரும் அசைவும் உள்ளதற்கு அங்கே "இமஸ்". இதைத் தமிழ் தெரிந்த ஆசிரியரால்தான் முன்கூட்டியே பார்க்க முடியும்.

பதில் – நாவல வாசகர்

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க விரும்பினால் இங்குள்ள திறந்த பல்கலைக்கழகத்தையும் பாருங்கள்; அங்கே இந்த டிப்ளோமாவைத் தமிழிலும் படிக்கலாம். ஜப்பானிய அரசின் ஆசிரியர் பயிற்சிப் புலமைப்பரிசிலையும் மனதில் வைத்திருங்கள். ஒன்றரை ஆண்டு ஜப்பானிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் பயிலலாம். ஆனால் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், பாடசாலையில் 5 ஆண்டு கற்பித்திருக்கவும் வேண்டும். டியூஷன் வகுப்பு அந்தக் கணக்கில் சேராது. அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

அக்கா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை வகுப்பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, யன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். சின்னவன் ஒழுங்கையைக் காட்டி "இனு க அரிமஸ்" (நாய் இருக்கிறது) என்றான். நான் திருத்த முன்னமே அக்காக்காரி "இமஸ்! அது ஓடுகிறது பார்" என்று கத்தினாள். பிறகு பூனை, ஆட்டோ, தென்னை மரம் என்று அரை மணி நேரம் நிறுத்தவே இல்லை. டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கிறேன். அக்கா, "நி", "தெ" இரண்டுக்கும் இப்படி ஒரு பயிற்சி இருந்தால் எழுதுவீர்களா?