முதிர்ந்த ஆட்டின் தசைநாண் கொலாஜன் அசிட்டிக் அமிலத்தில் கரையவில்லை, ஏன்?

கேள்வி:
வயதான வெள்ளாட்டின் கால் தசைநாணிலிருந்து கொலாஜன் எடுக்க வேண்டும். துண்டாக்கி, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு நாள் ஊறவைத்துக் கழுவி, 0.5 மோலார் அசிட்டிக் அமிலத்தில் 4 டிகிரியில் மூன்று நாள் கலக்கியாயிற்று. ஊறிய ஜவ்வரிசி மாதிரி உப்பிக் கிடக்கிறதே தவிரக் கரையவில்லை. எலிவால் நாண் இதே அமிலத்தில் கூழாகிறது. அமிலத்தைக் கூட்டலாமா, லேசாகச் சூடு காட்டலாமா?

பதில் 1:
சூடு வேண்டவே வேண்டாம். 40 டிகிரியை நெருங்கினால் கொலாஜனின் மூன்று சங்கிலிகள் முறுக்கிய முப்புரி அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிடும். அமிலத்தைக் கூட்டியும் பயனில்லை, சிக்கல் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பில் இருக்கிறது. லைசில் ஆக்சிடேஸ் என்னும் தாமிர நொதி, கொலாஜன் மூலக்கூறின் நுனிகளில் உள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தை ஆல்டிஹைடாக்குகிறது. அந்த ஆல்டிஹைடு பக்கத்து மூலக்கூறின் லைசினைப் பிடித்துக்கொள்ளும். எலிவாலில் இந்தப் பிணைப்பு பெரும்பாலும் ஆல்டிமின் வகை. நீர்த்த அமிலம் பட்டாலே விட்டுவிடும். பாரம் தாங்கும் கால் நாணில் ஹைட்ராக்சிலைசின் (ஹைட்ராக்சில் ஏறிய லைசின்) வழி வரும் கீட்டோஇமின் வகைப் பிணைப்பு அதிகம். வயது ஏற ஏற அது மூன்று கை கோத்த பிரிடினோலினாக முதிர்கிறது. அந்த முடிச்சை அசிட்டிக் அமிலம் அசைக்காது.

இந்த நொதியைத் தடுக்கும் பீட்டா-அமினோபுரோப்பியோநைட்ரைல் கொடுத்து வளர்த்த விலங்கின் கொலாஜன், குளிர்ந்த உப்புநீரிலேயே கணிசமாகக் கரைந்து வரும். பிடிப்பு எங்கே என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பதில் 2:
பெப்சின் என்னும் புரதம் செரிக்கும் நொதியைப் போடுங்கள். முடிச்சு விழுந்திருக்கும் நுனியை அது நறுக்கும், நடு முப்புரியைத் தொடாது. உலர் எடை 1 கிராமுக்கு 100 மில்லிகிராம் பெப்சின், 100 மில்லி 0.5 மோலார் அசிட்டிக் அமிலம், பிஎச் 2 முதல் 2.5, 4 டிகிரி, 48 மணி நேரம். துண்டுகள் 1–2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வெளிப்புறம் வழவழவென்று ஜெல்லாகி அடைத்துக்கொள்ளும், நொதி உள்ளே போகாது. சென்ட்ரிஃப்யூஜ் செய்து, மேலே நிற்கும் தெளிந்த கரைசலில் சோடியம் குளோரைடை 0.9 மோலார் வரை மெல்ல மெல்லச் சேர்த்தால் வெள்ளை நூலாகத் திரளும். அதை மறுபடி கரைத்து, குளிரிலேயே பிஎச் 8க்கு ஏற்றி ஓர் இரவு வையுங்கள். பெப்சின் செயலிழக்கும்.

அடியில் மஞ்சளாக, இழுத்தால் மீளும் எச்சம் கொஞ்சம் தங்கினால் அது எலாஸ்டின் என்னும் மீள்புரதமாக இருக்கலாம். அதில் நான்கு லைசின் சேர்ந்த டெஸ்மோசின் கட்டு, வேறு கதை. ஒதுக்கிவிடுங்கள்.

பதில் 3:
ஒரு எச்சரிக்கை. நுனி போன கொலாஜன் 37 டிகிரியில் இழையாகத் திரள நேரமெடுக்கும், ஜெல்லும் தளர்வாக இருக்கும். செல் வளர்க்க ஜெல் வேண்டுமென்றால் எலிவாலுக்கோ இளங்குட்டியின் நாணுக்கோ போவதே நல்லது. எதுவானாலும் எஸ்டிஎஸ் ஜெல் (புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் சோதனை) ஓட்டிப் பாருங்கள்: கொலாஜன் சங்கிலிகளான ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2 பட்டைகள் 2:1 அளவில், மேலே இரு சங்கிலி பிணைந்த பீட்டா. கீழே புகை மாதிரி இழுத்திருந்தால் பெப்சின் வேலை செய்தபோது எங்கோ குளிர் விட்டுப்போயிருக்கிறது.